சம்பந்தி வைத்த கண்ணாடிக் கூண்டு

செம்பூர்
26 ஏப்ரல் 2025

சம்பந்தி அண்ணாச்சி தனசீலன் அவர்களுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. நான் சௌக்கியமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள்.

வியாழக்கிழமை போனில் நாம் கத்திய கத்தலில் பக்கத்து பில்டிங்கில்கூட விளக்கு எரிந்தது. உங்கள் மகள் ரீனா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். உங்கள் போனிலும் என் நம்பரை அவளே வந்து பிளாக் செய்தாளாம். “இனிமே ரெண்டு பேரும் பேசக் கூடாது அத்தை, எழுதிக் குடுங்க, ஆபீஸ் விட்டு வரும்போது சயான் ஸ்டேஷனில் இறங்கி அப்பாகிட்ட குடுத்துடறேன்” என்கிறாள். நல்லது. என் மருமகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று இதுவரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதுவே வசதியாகப் போயிற்று. மனதில் உள்ளதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்குத் தூத்துக்குடியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை, பின்கதவைத் திறந்தால் என் தோட்டத்தைக் காணோம். இருக்கிற இத்தனூண்டு இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு நிற்கிறது. என் துணி காயப்போடும் கம்பியை யாரைக் கேட்டு வெட்டினீர்கள்? அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பாதிதான் திறக்கிறது. ஒரு கண்ணாடியில் எந்த வீட்டுப் பிள்ளையோ ஒட்டிய வாத்துப் பொம்மை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. பச்சைப் பெயின்ட் உரிந்து தொங்குகிறது. என்னடா இது என்று என் மகன் ஏஞ்சலோவைக் கேட்டால், “மாமா வைத்த கிரீன்ஹவுஸ் அம்மா, பங்களா இடிச்ச இடத்துல கிடைச்சதாம்” என்று பல்லைக் காட்டுகிறான். சாவியைக் கொடுத்தவனே அவன்தான், அவனுக்குத் தனியாக இருக்கிறது.

அண்ணாச்சி, என் மகனுக்குப் பெண் எடுத்த வீட்டில் நான் ஒரு டம்ளர்கூடக் கேட்டதில்லை. கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், எங்களுக்குப் பெண் மட்டும் போதும் என்று. ஒன்றும் கேட்காத எனக்கு இடித்த வீட்டுச் சாமானா?

உள்ளே இருக்கிற செடிகளை நான் குறை சொல்லவில்லை. ஜெபமாலை மதினி பெயின்ட் டப்பாவில் வளர்த்த அந்தூரியம் அத்தனையும் எனக்குத் தெரியும். உங்கள் கோயில் பீடத்தில் அந்தச் சிவப்புப் பூக்களைப் பார்த்திருக்கிறேன். மதினி கண்ணை மூடிய பிறகு அவை வாடுகின்றன என்று ரீனா அழுதபோது, கொண்டு வாருங்கள் என்று சொன்னவளே நான்தான். செடியைக் கொண்டு வரச் சொன்னேன். அதற்கு ஒரு வீட்டையும் சேர்த்துக் கொண்டு வரச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள். செடிகள் எலுமிச்சை மர நிழலில் இருந்துகொள்ளும்.

செல்வமேரி


தாராவி
30 ஏப்ரல்

சம்பந்தியம்மா,

ரீனா லெட்டரைக் குடுத்தா. பட்டறையில ஜன்னல் சட்டம் அறுக்குற கட்டிங் மிஷினை நிறுத்திட்டு ரெண்டு தடவை படிச்சேன். நீங்க ஆஸ்பத்திரியில ஹெட் சிஸ்டரா இருந்தவிய, எல்லாரையும் வெரட்டியே பழக்கம். நான் ஒங்க வார்டு பாய் இல்லை. அதை மொதல்ல சொல்லிக்கிடுதேன்.

இடிச்ச வீட்டுச் சாமான்னு எழுதியிருக்கிய. ஒங்க ஹால்ல நிக்கிற தேக்கு அலமாரி எங்க வாங்குனது? சோர் பஜார்லன்னு மாப்பிள்ளை சொன்னாரு. அதுல மட்டும் பழசு வாடை அடிக்கலையா?

என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. எங்க வீட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் மாடி மேல மாடி ஏத்திட்டானுவ. நம்ம தகரக் கூரை மேல இப்ப வெளிச்சமே விழாது. பக்கத்து வீட்டுக்காரன் பைப்பு நேரா நம்ம கூரையில ஊத்துது. கூரை மேல வச்ச ஜெபமாலை செடியெல்லாம் அதுல நனைஞ்சு அழுகுது. நான் போய்ச் சண்டை போட்டேன். “அரே சாச்சா, ஜகா கிதர் ஹை?”ங்கான். அவன் சொல்லுறதும் நெசந்தான், எடம் எங்க இருக்கு.

அந்த நேரத்துலதான் ஒங்க செம்பூர்ல ஒரு பங்களா இடிக்காங்கன்னு ஜன்னல் கழட்டுற வேலைக்குப் போனேன். பின்னால இந்தக் கண்ணாடி வீடு நிக்கி. மறுநாள் சுத்தியல் வச்சு ஒடைச்சு பங்காருன்னு பழைய இரும்புக்குப் போடப்போறானுவ. பாத்ததும் எனக்கு மனசு கேக்கலை. இதுக்குள்ள அவ செடிய வச்சா எப்பிடி இருக்கும்னு தோணிச்சு. ஒரு கண்ணாடி கீறாம சாக்குல சுத்திக் கொண்டாந்தோம். நம்ம பட்டறையில வேலை பாக்குற யாசரும் தப்ரேஸும் லீவு நாள்ல வந்து தூக்குனானுவ. வெயில்ல நின்னு நட்டு நட்டா மாட்டுனோம். நீங்க ஊருலேருந்து வந்து பாத்து சந்தோசப்படுவியன்னு நெனைச்சேன். எம்புத்திய செருப்பால அடிக்கணும்.

துணிக் கம்பி வேற கட்டித்தாரேன். அது ஒரு பெரிய விஷயமா?

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிடுங்க. அந்தக் கூரையில தொறந்து மூடுற மாதிரி நாலு ஜன்னல் வச்சிருந்தான் எவனோ ஒரு பைத்தியக்காரன். கூரையில எவனாவது ஜன்னல் வைப்பானா? பாம்பேல மழை எப்பிடிப் பேயும்னு தெரியாத பய. எல்லாத்தையும் சிலிக்கான் வச்சு ரெண்டு கோட்டு அடைச்சிருக்கேன். கைப்பிடியையும் கழட்டியாச்சு. பக்கா. என்ன மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள எறங்காது, எழுதித் தாரேன்.

எங்க கல்யாணம் ஆகி வந்த மொத மழையிலேருந்து அவ ஒவ்வொரு ஜூன் மாசமும் வீடு பூரா பாத்திரம் பரப்புவா. குண்டான், ஈயச்சட்டி, சோத்துப்பானை மூடி வரைக்கும். நான் ஊருக்கெல்லாம் ஜன்னல் மாட்டுதேன், எங்கூரையை என்னால அடைக்க முடியலை. அவ ஒரு நாள் முணுமுணுத்தது கெடையாது. அந்த ஒழுகுன தண்ணியத்தான் அந்தூரியத்துக்கு ஊத்துவா. இப்பவாவது அவ செடி ஒழுகாத கூரைக்குக் கீழ இருக்கட்டும்னு செஞ்சேன். அதைக் கழட்டுங்கிய.

கழட்ட மாட்டேன். கதவைச் சாத்தியே வையுங்க, ஒங்க கட்டர் சாக்கடையிலேருந்து பெருச்சாளி வரும்.

தனசீலன்


செம்பூர்
6 மே

சம்பந்தி அண்ணாச்சி,

அலமாரி விஷயத்தை உங்களிடம் சொன்னதற்கு ஏஞ்சலோவுக்கு இரண்டு நாள் மீன் குழம்பு கிடையாது. அது என் பணத்தில், நான் பார்த்து, நான் வாங்கியது. என் வீட்டுக்குள் நானே கொண்டு வருவதும், நான் இல்லாதபோது இன்னொருவர் கொண்டு வந்து நடுவதும் ஒன்றா?

மதினி பாத்திரம் பரப்பிய கதையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கெடுவை நான் நினைவுபடுத்தவில்லை. சரி, நிற்கட்டும், ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அண்ணாச்சி, இந்தக் கூண்டு என்னைச் சமாதானமாக இருக்க விடாது போலிருக்கிறது.

முதலில் எங்கள் பில்டிங் சொசைட்டி. செக்ரட்டரி சாய்நாத் ஒரு நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அனுமதி பெறாத கட்டுமானமாம், மாத முடிவுக்குள் அகற்ற வேண்டுமாம். என் வாழ்நாளில் என் கதவில் நோட்டீஸ் ஒட்டியவர் எவரும் இல்லை. மாதத்தின் முதல் வாரமே மெயின்டனன்ஸ் கட்டுகிறவள் நான். மேல் மாடிக்காரி அதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாவது, செடிகள். நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். போனதும் மூக்குக்கண்ணாடி புகைந்துபோகிறது. இட்லிக் கொப்பரையைத் திறந்து தலையை விட்ட மாதிரி இருக்கிறது. மே மாதம் செம்பூர் வெயில் என்ன என்று உங்களுக்குத் தெரியாததா? இலை ஓரமெல்லாம் காய்ந்து சுருள்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று அதிகம் ஊற்றினால் தண்டு மெத்தென்று ஆகிறது. எனக்கு ரோஜா தெரியும், கறிவேப்பிலை தெரியும். அந்தூரியம் மதினிக்குத்தான் தெரியும்.

நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள் என்று ரீனாவிடம் மூன்று நாளாகச் சொல்லி அனுப்புகிறேன். வேலை இருக்கிறது என்கிறீர்களாம். நட்டு நட்டாக மாட்ட நேரம் இருந்தது. மாட்டியதை வந்து பார்க்க நேரம் இல்லையா? கொண்டு வந்து தள்ளிவிட்டுப் போனால் என் தலையில் விடியட்டும் என்றா?

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் வாருங்கள்.

செல்வமேரி


தாராவி
12 மே

சம்பந்தியம்மா,

நேத்து வந்தேன். நீங்க பூசைக்குப் போயிருந்திய. மாப்பிள்ளை காப்பி போட்டுத் தந்தாரு, எனக்கு எறங்கலை.

என்ன செஞ்சு வச்சிருக்கிய? அம்புட்டும் கருகிக் கெடக்கு. அந்த நீலக் கலர் டப்பாவுல இருந்தது பெரிய செடி, அவ கையில எப்பவும் பூத்துக்கிட்டே இருக்கும், அது தலையைத் தொங்கப் போட்டுக் கெடக்கு. தொட்டா இலை கையோட வருது. வெளிய நின்னு அழுதேன். மாப்பிள்ளை பாத்துட்டாரு, அதுவும் எனக்கு அவமானம்.

ஆயிரம் பேரைப் பாத்துக்கிட்ட கையி. அந்த நாலு செடியப் பாக்க முடியலையா? இல்லை, இது செத்தாத்தான் அந்தக் கூண்டு போகும்னு விட்டுட்டியளா? எனக்கு அப்பிடித்தான் தோணுது. சொல்லக் கூடாதுதான். சொல்லுதேன்.

ஒங்களுக்கு ஒண்ணு தெரியாது. ரீனாகிட்டயும் சொல்லலை. ஜெபமாலைக்கு இப்ப கல்லறை கெடையாது. இந்த ஊர்ல கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லைல்லா, ரெண்டு வருசம் கழிச்சு குழியத் திருப்பிக் கேக்காங்க. எனக்கும் ஒரு சீட்டு வந்துச்சு. போனேன். தோண்டுனாங்க. எலும்ப எடுத்து செவுத்துல ஒரு பொந்துக்குள்ள வச்சு மூடிட்டாங்க. பேரு எழுதுன பலகைகூட இன்னும் வரலை. அவ கெடந்த எடத்துல மறுவாரம் வேற ஆளு. யார்மேல கோவப்பட? சாமியாரு பாவம், அவரு என்ன செய்வாரு. உசுரோட இருக்கும்போதும் அவளுக்கு இந்த ஊர்ல கால் நீட்ட எடம் இல்லை, செத்த பெறவும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூமாலையோட போவாங்க, மெழுகுவத்தி கொளுத்துவாங்க. நான் எங்க போய்க் கொளுத்த? அவ மூச்சு பட்டதுன்னு மிச்சம் இருந்தது அந்தச் செடி ஒண்ணுதான். அதை ஒங்ககிட்ட நம்பிக் குடுத்தேன்.

இனி நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தொடவும் வேண்டாம்.

தனசீலன்


செம்பூர்
15 மே

அண்ணாச்சி,

கல்லறை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு உங்களைத் தனியாகப் போக விட்டிருக்க மாட்டேன். ரீனாவிடம் நான் மூச்சு விடவில்லை. நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதற்கு வருகிறேன். நான் வேண்டுமென்றே செடியைச் சாகவிட்டேன் என்று எழுதினீர்களே, அந்த வரியை வாசித்து நான் விறைத்துப் போனேன். என் கையில் சாகக் கிடந்தவர்களை என்ன சாதி, என்ன மதம் என்று நான் பார்த்ததில்லை, சம்பந்தியின் செடி என்றா பார்ப்பேன்? தொடாதே என்றால் தொடாமல் இருக்க நானும் உங்கள் பட்டறைப் பையன் இல்லை. தொட்டேன். என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

உங்கள் லெட்டரை மடித்து வைத்துவிட்டு நேராகக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். நான் நின்றேன், செடி நிற்கிற இடத்தில். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு நெஞ்சு படபடத்தது, புடவை முழுக்க நனைந்தது. மேலே பார்த்தேன். உங்கள் சிலிக்கான் நாலு பக்கமும் வெள்ளையாகப் பளபளக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஜன்னலை வைத்தவன் பைத்தியக்காரன் இல்லை, அண்ணாச்சி. சூடு மேலே ஏறி வெளியே போவதற்கு வைத்த வழி அது. நீங்கள் அதை இரண்டு கோட்டு போட்டு அடைத்தீர்கள். கீழே கதவையும் சாத்தச் சொன்னீர்கள். நான் ஒரு முட்டாள், சொன்னபடி செய்தேன். ஒழுகுகிற வீட்டில் இருந்து இருந்து உங்களுக்குக் கூரையில் ஓட்டை என்றாலே எதிரி. மூச்சு விடவும் ஓட்டை வேண்டாமா?

வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி நானே ஏறினேன். இந்த வயதில், இந்த முட்டியோடு. சர்ஜிகல் பிளேடால் உங்கள் சிலிக்கானை இழுத்து இழுத்து அறுத்தேன். எத்தனை கெட்டியாக வைத்திருக்கிறீர்கள், அப்பா! ஒரு கண்ணாடி கீறிவிட்டது, வாத்துப் பொம்மை ஒட்டியது. நாலையும் திறந்துவிட்டேன். உள்ளே இருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. கீழே நின்று சாய்நாத் “மேடம், மேடம்” என்று கத்திக்கொண்டிருந்தார். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு செடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். வேரில் பாதி அழுகல். அழுகினதை வெட்டி, மீதியைக் கழுவி, இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கி உடைத்து, தேங்காய் நாரோடு கலந்து புதிதாக வைத்தேன். பழைய மண் ஒரே நாற்றம், அத்தனையையும் டப்பாவிலிருந்து கொட்டிவிட்டேன். இரண்டு செடி போய்விட்டது, அதை மறைக்கவில்லை. நீல டப்பாச் செடிக்கு அடித்தண்டில் இன்னும் பச்சை இருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன்.

யார் சாகவிட்டது என்று இப்போது சொல்லுங்கள்.

செல்வமேரி


தாராவி
17 மே

சம்பந்தியம்மா,

நான்தான் கொன்னேன்னு எழுதிட்டிய. சரி. நான்தான். ஒத்துக்கிடுதேன். ஊரெல்லாம் ஜன்னல் வைக்கவன் ஜன்னலை அடைச்சேன். இன்னிக்கு யாசர்கிட்ட சொன்னேன், அவனும் தலையில கை வச்சுட்டான்.

ஆனா அந்த மண்ணு எங்க?

நீல டப்பாவுல இருந்த மண்ணு. அதை எங்க கொட்டுனிய?

அவ குழியத் தோண்டுன அன்னிக்கு, எல்லாத்தையும் எடுத்த பெறவு நான் அடியில எறங்கி ஒரு பை நெறைய மண்ணு அள்ளிக்கிட்டு வந்தேன். அவ தலை கெடந்த எடத்துலேருந்து. பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். வீட்ல எங்க வைக்க? அவ செடியிலயே போட்டு மூடிட்டேன். யார்ட்டயும் சொல்லலை. சொன்னா கிறுக்கன்னு சொல்லுவாங்க, ரீனா அழுவா.

நாத்தம்னு கொட்டிட்டிய. ஒங்க செம்பூர்ல தெனமும் காலையில முனிசிபாலிட்டி வண்டி வருமே, சுத்தமான ஏரியால்லா. அவளைக் குப்பை வண்டியில ஏத்திவிட்டியளா?

எனக்கு எழுத வரலை. ஒங்க மேல கோவப்படவும் தெம்பு இல்லை. பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை நானும் யாசரும் தப்ரேஸும் ஸ்பானரோட வாரோம். கண்ணாடி வீட்டைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போறோம். ஒங்க நோட்டீஸும் தீந்துது, ஒங்க துணிக் கம்பியும் வந்துது. ஒங்களுக்கு அதானே வேணும். அதுக்குப் பெறவு ரீனாவைப் பாக்கணும்னா நான் அவ ஆபீஸ் வாசல்ல நின்னு பாத்துக்கிடுவேன். ஒங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்.

தனசீலன்


செம்பூர்
20 மே

அண்ணாச்சி,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவிக்க வேண்டாம். மண் குப்பை வண்டிக்குப் போகவில்லை. போகவே இல்லை. என் தோட்டத்தில்தான் இருக்கிறது.

எங்கே என்றும் சொல்கிறேன். நீங்கள் நட்ட கூண்டின் கிழக்கு மூலைக் கால், கழிவுத் தொட்டிப் பக்கம், மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கா, பக்கா என்று எழுதினீர்களே, அந்த மூலையில் ஒரு செங்கல்கூட வைக்காமல் நட்டிருக்கிறீர்கள். கதவு சாத்த வராமல் இழுத்தது. செடிகளைக் கவிழ்த்த அன்றைக்கே, ஒரு கடப்பாரையால் அந்தக் காலைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன் வாட்ச்மேனை. அடியில் குழி விழுந்தது. டப்பாக்களிலிருந்து கொட்டிய பழைய மண் முழுவதையும் அதில் போட்டு, செங்கல் ஜல்லி போட்டு, நானே இடித்து இறுக்கினேன். ஒரு கைப்பிடிகூட வெளியே போகவில்லை. நான் மண்ணை வீணாக்குகிறவள் இல்லை, இந்த ஊரில் மண்ணும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் லெட்டரைப் படித்துவிட்டு அங்கே போய் நின்றேன். அண்ணாச்சி, நான் அதைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினேன். செருப்புக் காலால். மதினி என்னை மன்னிப்பாள், அவள் குணம் எனக்குத் தெரியும். உங்களைத்தான் நான் மன்னிக்கமாட்டேன். ஏன் சொல்லவில்லை? நாலு வரி எழுதத் தெரிந்தவர், தேக்கு அலமாரிக்கு ஒரு பாரா எழுதியவர், “இந்த டப்பாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கிறுக்கன் என்பேன் என்று நினைத்தீர்களா? என் வீட்டுக்காரர் போனபோது அவருடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் ஒரு வருஷம் வைத்திருந்தேன். யார் கிறுக்கு?

அன்று மாலை அந்த மூலையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ரீனா பார்த்துவிட்டு எதற்கு அத்தை என்றாள். கரென்ட் போனால் தேவைப்படும், பழகிக்கொள்கிறேன் என்றேன். நம்பவில்லை. மண்ணையும் கல்லறையையும் நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

இப்போது சாய்நாத் விஷயம். நேற்று இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாத முடிவு வரைக்கும் பொறுக்கவில்லை, மழைக்கு முன்னால் அகற்ற வேண்டுமாம். நான் அடுப்படியிலிருந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கிழக்கு மூலையில் போட்டு உட்கார்ந்தேன். “சாய்நாத்ஜி, உங்கள் பால்கனியை அடைத்து பெட்ரூம் ஆக்கினீர்களே, அதற்கு யார் நோட்டீஸ் ஒட்டினார்கள்? மேல் மாடிக்காரி கிரில்லை இழுத்து என் தோட்டத்துக்கு மேல் கூண்டு கட்டியிருக்கிறாளே, அது என்ன, ஆகாயத்தில் மிதக்கிறதா? முதலில் அதையெல்லாம் இறக்குங்கள், அதற்குப் பிறகு இதற்கு வாருங்கள்” என்றேன். என் குரல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பில்டிங் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஆட்கள் இருவரும் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றார் சாய்நாத். பேசட்டும். அங்கேயும் நாற்காலி இருக்கும்.

ஆகையால் 25ஆம் தேதி ஸ்பானரோடு வந்தால் உங்களுக்கும் அதே மரியாதைதான். அந்தக் காலை யாரும் தொட நான் விடமாட்டேன். நீங்கள் உட்பட.

கூரை ஜன்னலுக்குக் கைப்பிடி இல்லை, கழற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். கீல் துருப்பிடித்திருக்கிறது. கீறிய கண்ணாடியையும் மாற்ற வேண்டும். அதற்கு வருவதென்றால் வாருங்கள். யாசரையும் தப்ரேஸையும் அழைத்து வாருங்கள், ஹலால் கடையில் மட்டன் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

துணிக் கம்பியை மறக்க வேண்டாம்.

உங்கள் தங்கச்சி
செல்வமேரி


தாராவி
27 மே

தங்கச்சி,

ஞாயித்துக்கிழமை ஒங்க வீட்ல சாப்புட ஒக்காந்தப்ப நெறைய பேசணும்னு நெனைச்சுத்தான் வந்தேன். கீலை மாட்டிட்டு, கண்ணாடிய மாத்திட்டு, குழம்பு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். உப்புக் கொஞ்சம் கூடுதல், அதை இப்ப சொல்லுதேன்.

அந்த மூலையில என்னைத் தனியா விட்டுட்டு எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போனியள்ளா. அதை மறக்க மாட்டேன். ரீனாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன், ஸ்டேஷனுக்கு நடக்கும்போது. கல்லறையை ஏன் மறைச்சன்னு என்னை வஞ்சா, அழுதா. பெறவு அவளே போனை எடுத்து ஒங்க நம்பரைத் தொறந்து விட்டுட்டா. ஆனாலும் இதைப் போன்ல சொல்ல வராது, அதான் எழுதுதேன்.

நேத்து இங்க மழை புடிச்சுக்கிட்டது. மே மாசத்துலேயே. தண்ணி சந்துக்குள்ள முட்டளவு வந்துட்டு. பக்கத்து வீட்டு பைப்பு நம்ம தலையிலதான் ஊத்துது. மூணு எடத்துல ஒழுகுது. நானே எந்திரிச்சுப் பாத்திரம் வச்சேன். எது எங்க வைக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தரையெல்லாம் தண்ணி. அப்பத்தான் ஒங்க ஞாபகம் வந்துச்சு, கூரை ஜன்னலை மூடுனியளோ என்னவோன்னு. மழையடிச்சா செடி மறுபடி அழுகிரும். இப்ப கைப்பிடி வச்சிருக்கேன், கீழயிருந்தே இழுத்தா மூடிக்கிடும், ஒங்க முட்டியோட ஏணியில ஏற வேண்டாம். வெயில் வந்ததும் தொறந்துருங்க. சாய்நாத்து என்ன சொன்னாலும் நான் வாரேன், நாற்காலியில நீங்க ஒத்தையா ஒக்கார வேண்டாம்.

நீல டப்பாவுல புது இலை சுருளா வருதுன்னு ரீனா போட்டோ அனுப்புனா. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன்.

ஒண்ணே ஒண்ணு. நாலு ஜன்னல்ல மூணை மூடிருங்க. அவ மண்ணு கெடக்குற அந்தக் கிழக்கு மூலைக்கு நேர் மேல இருக்குல்லா, அதை மட்டும் எவ்வளவு மழை பேஞ்சாலும் மூடாதிய. அதுக்குக் கீழ டப்பா, பாத்திரம் எதுவும் வைக்காதிய.

அது ஒழுகட்டும்.

தனசீலன்